லேத் டூலுக்கு ஒரு கிரைண்டர் தேடியபோது

லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், பம்ப்செட் ஒன்றுக்கான கன்மெட்டல் (செம்புக் கலவை உலோகம்) புஷ்ஷில், தண்டைத் தாங்கும் குழலில், கடைசி வெட்டு ஓடிக்கொண்டிருந்தபோது டூல் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. 38 மி.மீ. துளையின் நடுவில் கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வரி விழுந்து, ஒன்றரை மணி நேர வேலை கழிவுப் பெட்டிக்குப் போயிற்று. டூலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கன்மெட்டலுக்கும் பித்தளைக்கும் டூலின் மேல்முகம் சமமாக, அதாவது ரேக் கோணம் சுழியமாக இருக்க வேண்டும்; என் டூலின் மேல்முகமோ வெட்டுமுனையிலிருந்து பின்னோக்கி மூன்று நான்கு டிகிரி சரிந்திருந்தது. வேலைப்பொருளில் உரசாமலிருக்க உள்நோக்கிச் சாய்த்துத் தீட்டும் பக்கவாட்டுக் கிளியரன்ஸ் முகம் அதைவிட மோசம். ஒரே தளமாக இருக்க வேண்டியது, பட்டை தீட்டிய மூக்குத்திக் கல்லைப் போல ஐந்து சிறு முகங்களாக உடைந்து கிடந்தது. அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறையில் இருக்கும் மூத்த டர்னர் அதை வாங்கி விரல் நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, “கை சரியாத்தானுங்க தம்பி இருக்குது, கல்லுதான் ஆடுது” என்றார்.

அவர் பெருந்தன்மையாகச் சொன்னது அது. கை பாதி, கல் பாதி என்பதே உண்மை. ஆனால் கையைப் பழக்குவதற்கே ஆடாத கல் ஒன்று வேண்டும் என்பதால், அன்று மாலையே டூல் தீட்டும் மின்சாணை, அதாவது புதிய கிரைண்டர், வாங்குவது என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் இப்படி ஒரு முடிவை வீட்டில் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஊரில் கிரைண்டர் என்றாலே மாவாட்டுவதுதான்; புவிசார் குறியீடே வாங்கிய பெருமை அதற்கு இருக்கிறது. “இருக்கற கிரைண்டர் நல்லாத்தானே ஓடுது” என்று அம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவாரம்பாளையத்தில் இருக்கும் எங்கள் பட்டறையில் ஆறடி லேத் ஒன்றும் நாலரை அடி லேத் ஒன்றும் உள்ளன. இரண்டுமே பழையவை, பெரியதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 800 சுற்றைத் தாண்டாது. கழற்றி மாற்றும் ஆயத்தக் கார்பைடு முனையான இன்சர்ட் வந்துவிட்ட காலத்தில் சாணை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த வேகம்தான். கார்பைடு தன் குணத்தைக் காட்டுவதற்கு வேகமும் அசையாத இயந்திரமும் வேண்டும். சிறிய விட்டத்தில், குறைந்த வேகத்தில், ஒற்றை உருப்படியாக வரும் வேலைக்குக் கூராகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்தான் எங்கள் லேத்துகளுக்குப் பொருத்தம். ஆரம் போட்ட பள்ளம், பழைய பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் அளவு) மரையின் 55 டிகிரி, உருப்படியைத் துண்டிக்கும் குறுகிய பார்ட்டிங் டூல் என்று வரும் வடிவங்களுக்கெல்லாம் ஆயத்த இன்சர்ட் தேடி அலைவதைவிட, அரை அங்குல பிட் (தீட்டாத எச்.எஸ்.எஸ். கட்டை) ஒன்றைக் கல்லில் பிடித்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

முதலில் வாங்கியது தவறான இயந்திரம். கடையில் பளபளவென்று இருந்த ஆறங்குலக் கிரைண்டர், கால் குதிரைத்திறன், ஒற்றை ஃபேஸ், ஒரு கையால் தூக்கிவிடும் எடை. யார் செய்தது என்பது இங்கே தேவையில்லை. அந்த விலைக்கு அது நேர்மையான சரக்குதான். புதிய அரை அங்குல பிட்டைச் செவ்வகத்திலிருந்து டூலாக்கும்போது நிறைய உலோகத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். சற்று அழுத்தியதும் மோட்டாரின் சத்தம் இறங்கி, கல் ஏறக்குறைய நின்றேவிட்டது. அழுத்தாமல் தடவிக்கொண்டிருந்தால் உலோகம் கழியாது, சூடு மட்டும் ஏறும். தீட்டும்போது டூலை ஊன்றுவதற்காகத் தகட்டை வளைத்துச் செய்திருந்த டூல் ரெஸ்ட், கட்டைவிரல் பட்டாலே கீழே வளைந்தது. மூன்று வாரத்தில் அது கத்தி, அரிவாள், டிரில் பிட் தீட்டும் வேலைக்கு ஒதுங்கிவிட்டது. அந்த வேலையை இன்றும் நன்றாகவே செய்கிறது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. டூல் அண்டு கட்டர் கிரைண்டர் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். செகந்திராபாத் பிராகா டூல்ஸ் செய்த பழைய இயந்திரங்கள் இன்னும் ஏலத்திலும் பழைய மிஷின் கடைகளிலும் வருகின்றன. ஆனால் அவை மில்லிங் கட்டருக்கும் ரீமருக்கும் உரியவை. ஒற்றை முனை லேத் டூலுக்காக அவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்த எங்கள் பட்டறையில் இடமும் இல்லை, ஒரு டூலுக்கு அரை மணி நேரம் செட்டிங் செய்யும் பொறுமையும் இல்லை. சுவீடனின் டார்மெக் போன்ற தண்ணீரில் ஓடும் மெதுவான கற்களைத் தச்சு வேலை செய்யும் நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். 250 மி.மீ. கல், நிமிடத்துக்கு 90 சுற்று. விளிம்பு வேகம் நொடிக்கு ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவு. உளிக்கு அது தெய்வம். 12 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டிலிருந்து ஒரு டூலை வெட்டியெடுக்க அதில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஏங்கிள் கிரைண்டரை வைஸில் கவ்விவைத்துத் தீட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆக மிஞ்சியது சாதாரண பெஞ்ச் கிரைண்டர்தான்; கேள்வி அளவையும் வேகத்தையும் பற்றியது. எட்டங்குலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் கல்லின் வளைவு. வட்டக்கல்லின் விளிம்பில் தீட்டும் எந்த முகமும் சற்றுக் குழியாகத்தான் வரும். 12 மி.மீ. உயரமுள்ள முகத்தை 150 மி.மீ. கல்லில் தீட்டினால் நடுவில் 0.24 மி.மீ. குழிவு விழும், 200 மி.மீ. கல்லில் அது 0.18 மி.மீ. ஆகக் குறையும். வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் கல் தேயத் தேய குழிவு கூடிக்கொண்டே போகும் என்பதையும், குழிவு கூடினால் வெட்டுமுனைக்கு அடியில் தாங்கும் உலோகம் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய கல்லில் தொடங்குவதன் பயன் விளங்கும். கடைசியில் எண்ணெய்க்கல்லில் முகத்தைத் தேய்க்கும்போது மட்டும் இந்தக் குழிவு ஓர் உதவி: முகத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் மட்டுமே கல்லில் படிவதால் டூல் ஆடாமல் உட்காரும்.

வேகத்தைப் பற்றிப் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது: மெதுவாக ஓடும் கல்லே டூலைச் சுடாது என்பது. நான்கு துருவ மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 சுற்று ஓடும். இரு துருவ மோட்டார் 2,850 சுற்று வரை ஓடும். எட்டங்குலக் கல்லின் விளிம்பில் கணக்கிட்டால் முன்னது நொடிக்கு 15 மீட்டர், பின்னது ஏறக்குறைய 30 மீட்டர். சாதாரணக் கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே கடினத்தை இழக்கத் தொடங்குவதால், உளிக்கும் கத்திக்கும் மெதுவான கல் நல்லது. எச்.எஸ்.எஸ். அப்படிப்பட்டதன்று, 600 டிகிரி வரை கடினத்தைப் பெருமளவு காத்துக்கொள்ளும் உலோகம் அது. அமெரிக்கர்களான டெய்லரும் வைட்டும் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் அதன் வெப்பப் பதத்தைக் கண்டறிந்து, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டூலின் முனை சிவக்கச் சிவக்க இரும்பை வெட்டிக் காட்டியபோது பார்வையாளர்கள் திகைத்ததற்குக் காரணமே அந்தக் குணம்தான். அதனால் தீட்டும்போது முனையில் நீலம் தெரிந்துவிட்டது என்பதற்காக எச்.எஸ்.எஸ். டூலைத் தூக்கி எறியத் தேவையில்லை. நீலம் 300 டிகிரியின் நிறம். இருந்தாலும் மூத்த டர்னர் நீலத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். அவர் தொழில் பழகியது கார்பன் எஃகு டூல் இன்னும் புழங்கிய பட்டறையில்.

மெதுவான வேகத்துக்கு வேறொரு விலையும் உண்டு. வேகம் பாதியானால் அதே கல் மெத்தென்ற கல்லைப் போல நடந்துகொள்ளும். கல்லில் வெட்டும் வேலையைச் செய்யும் மணிகள் விரைவில் உதிரும், விளிம்பில் பள்ளம் விழும், அடிக்கடி டிரெஸ் செய்ய, அதாவது விளிம்பைச் சீவிச் சீராக்க, வேண்டியிருக்கும். ஆகவே நான் வாங்கியது 200 மி.மீ. கல், 25 மி.மீ. அகலம், முக்கால் குதிரைத்திறன், மூன்று ஃபேஸ், 2,850 சுற்று. மூன்று ஃபேஸ் இணைப்பு பட்டறையில் ஏற்கெனவே இருந்தது. ஒற்றை ஃபேஸ் மோட்டாரின் விசை நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். மூன்று ஃபேஸில் அந்தத் துடிப்பு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே, வாய்ப்பு உள்ளவர்கள் மூன்று ஃபேஸை எடுக்கலாம் என்பேன்.

கடையில் அதைச் சோதித்தது ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொண்டுதான். இப்போது வரும் மெல்லியதன்று, அந்தக் காலத்துத் தடித்த நாணயம். கற்களைக் கழற்றச் சொல்லி, வெறும் மோட்டாரை ஓடவிட்டு, மோட்டார் உடம்பின் மேல் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். கடைக்காரர் சிரித்தார், நாணயம் நின்றது. கற்களை மாட்டி ஓட்டியதும் விழுந்தது. அங்கேயே எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது: தண்டும் பேரிங்கும் சரி, கோளாறு கல்லைப் பிடிக்கும் இடத்தில். 31.75 மி.மீ. துளையுள்ள கல்லுக்கும் மெல்லிய தண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் புஷ். இருபுறமும் கல்லை இறுக்கிப் பிடிக்க, தகட்டை அழுத்திச் செய்த ஃபிளேஞ்ச். புஷ் தளர்வாக இருந்தால் கல் மையம் தப்பும். ஃபிளேஞ்ச் கோணலாக இருந்தால் கல் பக்கவாட்டில் ஆடும்.

லேத் வைத்திருப்பவனுக்கு இது ஒரு குறையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவிட்டு, நான்கு ஃபிளேஞ்சுகளை எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) உருளையிலிருந்து 70 மி.மீ. விட்டத்தில் கடைந்தேன். ஃபிளேஞ்சின் விட்டம் கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுப்பகுதியைச் சற்றுக் குழித்து, ஓர வளையம் மட்டும் கல்லில் அமரும்படி செய்ய வேண்டும். துளையையும் அமரும் முகத்தையும் ஒரே பிடிப்பில், சக்கிலிருந்து கழற்றாமல் முடித்தால்தான் இரண்டும் செங்கோணத்தில் இருக்கும். பிளாஸ்டிக்கை எறிந்துவிட்டு அலுமினியத்தில் புஷ் போட்டேன். இடப்பக்க நட் இடமரை என்பதை மறந்து, ஸ்பேனரில் குழாய் மாட்டித் திருகி அதை இன்னும் இறுக்கியதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கல்லை மாட்டி, வைரமுனை டிரெஸ்ஸரால் விளிம்பைச் சீராக்கிய பிறகு, கற்களோடு ஓடும் கிரைண்டர் மேலும் அந்த நாணயம் நின்றது.

இனி கல். கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கற்கள் வார்ப்பின் பிசிறு நீக்கவும் வெல்டிங் தேய்க்கவும் ஏற்றவை; எச்.எஸ்.எஸ். தீட்டப் பெரும்பாலும் ஆகாதவை. கல்லின் முதுகில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ‘ஏ 60 கே 5 வி’ என்று இருந்தால், ஏ என்பது அலுமினியம் ஆக்ஸைடு, 60 என்பது மணியின் அளவு, கே என்பது பிணைப்பின் உறுதி, 5 என்பது மணிகளுக்கு இடையே உள்ள நெருக்கம், வி என்பது சுட்ட மண்பாண்டம் போன்ற விட்ரிஃபைடு பிணைப்பு. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த நடு எழுத்தைத்தான். ஏ முதல் இசட் வரை எழுத்து ஏற ஏற, பிணைப்பு மணியை விடாமல் பிடித்துக்கொள்ளும். மழுங்கிய மணியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கல் வெட்டாது, உரசும், விளிம்பு கண்ணாடிபோல் மினுங்கும், டூல் சுடும். கெட்டி டூலுக்கு மெத்துக் கல், மெத்து இரும்புக்குக் கெட்டிக் கல் என்பது தலைகீழாகத் தோன்றினாலும் சரியான வழக்கு.

நான் மாட்டியிருப்பவை இரண்டும் வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு: உலோகம் கழிக்க 46 மணி, முடிக்க 80 மணி, இரண்டும் கே. வெள்ளை மணி எளிதில் பிளந்து புதுக் கூரைக் காட்டும். அதனால் குளிர்ச்சியாக வெட்டும், அதே காரணத்தால் சீக்கிரம் தேயும். சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கற்கள் நஞ்சப்பா சாலைக் கடைகளில் கிடைக்கின்றன. கேட்ட எழுத்தும் எண்ணும் அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எனக்கு 80 கே வர இரண்டு வாரமாயிற்று. இரண்டு கல்லுக்கும் சேர்த்து கிரைண்டர் விலையில் ஏறக்குறைய கால்பங்கு செலவானது. முதல் முறை நான் வாங்கிய ஆறங்குலக் கிரைண்டருக்குக்கூட இந்தக் கற்களைப் போட்டிருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும் என்பது பின்னால்தான் புரிந்தது.

கன்மெட்டல் புஷ்ஷைக் கெடுத்த டூலில் இருந்த ஐந்து முகங்களுக்கு உண்மையான காரணம் டூல் ரெஸ்ட். ஒவ்வொரு முறை டூலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போதும் அது வேறொரு கோணத்தில் அமர்ந்தது. விற்பனைக்கு வரும் எந்தப் பெஞ்ச் கிரைண்டரிலும் லேத் டூலுக்குத் தகுந்த ரெஸ்ட் இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே அதைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டால் சொந்தமாக ஒன்றை நிறுத்த முன்னால் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடுத்த 10 மி.மீ. தகட்டில், உள்ளங்கை இரண்டை விரித்த அளவுக்கு ஒரு மேடை செய்து, அதைக் கிரைண்டரின் உடம்பில் மாட்டாமல் மேசையிலேயே தனியாக நிறுத்தினேன். மேடை சாயும், சாய்த்த பிறகு கல்லுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைத் திருத்த அடித்தகட்டில் நீளத் துளை உண்டு.

உயரம்தான் இதில் நுட்பம். டூலின் வெட்டுமுனை கல்லின் மையத்துக்கு நேராக இருந்தால், மேடையை எத்தனை டிகிரி சாய்க்கிறோமோ அத்தனை டிகிரி கிளியரன்ஸ் அப்படியே கிடைக்கும். முனை மையத்துக்கு மேலே 10 மி.மீ. இருந்தால், புதிய எட்டங்குலக் கல்லில் மேடையைச் சாய்க்காமலேயே 5.7 டிகிரி வந்துவிடும். அதே கல் 150 மி.மீ. ஆகத் தேய்ந்த பிறகு அது 7.7 டிகிரி. மேடை அசையவில்லை, கை மாறவில்லை, கோணம் மட்டும் மாறியிருக்கும். பல வருடம் என் டூல்கள் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாக வெட்டியதன் மர்மம் இவ்வளவுதான். இப்போது மேடை 12 மி.மீ. பிட்டுக்குப் பொருந்தும் உயரத்தில் நிற்கிறது. 10 மி.மீ. பிட் வைத்தால் முனை 2 மி.மீ. தாழ்ந்து ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும், 16 மி.மீ. பிட் வைத்தால் இரண்டேகால் டிகிரி கூடும். இந்தக் கணக்கைக் கிரைண்டருக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். மூத்த டர்னர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் மேடை வந்த பிறகு, முப்பது வருடமாகக் காற்றில் டூல் பிடித்த அந்தக் கை மேடையில்தான் ஊன்றுகிறது.

முனையில் கார்பைடுத் துண்டு ஒட்டிய கார்பைடு டிப்பு டூலுக்கு இந்த வெள்ளைக் கல் பயன்படாது. கார்பைடு ஏறக்குறைய அலுமினியம் ஆக்ஸைடு அளவுக்கே கெட்டி. பச்சைக் கல் எனப்படும் சிலிக்கான் கார்பைடு அதற்கு ஆகும். வைரக் கல் இன்னும் நல்லது. ஆனால் வைரத்தில் எஃகைத் தீட்டக் கூடாது; சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு சேர்ந்து மணி கரைந்துபோகும். எனவே டிப்புக்குக் கீழே உள்ள ஷேங்க் எஃகை முதலில் வெள்ளைக் கல்லில் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் கழித்துவிட்டு, பிறகு டிப்பை மட்டும் வைரத்தில் தொட வேண்டும். எங்களுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு டிப்பு டூல்தான் என்பதால், ஒதுங்கிய ஆறங்குலக் கிரைண்டரின் ஒரு பக்கத்தில் பச்சைக் கல் போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். கார்பைடுத் தூளில் கோபால்ட் உண்டு, நுரையீரலுக்குக் கேடு. அந்தக் கல்லைத் தொடும்போது முகக்கவசம் இல்லாமல் யாரையும் விடுவதில்லை. சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும். எச்.எஸ்.எஸ்.ஸையும் நன்றாகச் சுட்ட பிறகு முக்காமல் காற்றில் ஆறவிடுவதே நல்லது. முக்குவதானால் சூடேறும் முன்பே அடிக்கடி முக்க வேண்டும்.

வாங்கிய கல் எதுவானாலும் மாட்டும் முன் ஒரு விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது ஓட்டைப் பானைபோல் மந்தமாகச் சத்தமிடும். முதலில் வந்த 46 மணிக் கல் அப்படித்தான் மந்தமாக ஒலித்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். மாட்டிய பிறகு ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி நின்று வெறுமனே ஓட்ட வேண்டும். மேடைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெல்லிய பார்ட்டிங் பிட் உள்ளே சிக்கி, கல்லையே உடைத்துவிடும். கையுறை அணியக் கூடாது, கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது. பித்தளையையும் அலுமினியத்தையும் இந்தக் கற்களில் யாரும் தொடக் கூடாது என்பது பட்டறையில் நான் போட்ட சட்டம். மணிகளின் இடுக்கை அவை அடைத்துவிட்டால் டிரெஸ் செய்து செய்தே கல் கரைந்துவிடும்.

புஷ் கெட்ட வாடிக்கையாளருக்குப் புதிதாக வார்ப்பு வாங்கி, மேல்முகத்தை மேடையில் வைத்துச் சுழியமாகத் தீட்டி, எண்ணெய்க்கல்லில் நான்கு இழுப்பு இழுத்த டூலால் துளை போட்டேன். தூள் மணல்போல் உதிர்ந்தது, டூல் இழுக்கவில்லை. கல் மாட்டிய நாளையும் விட்டத்தையும் அதன் காகிதத்தில் எழுதி வைக்கும் வழக்கத்தை அன்றே தொடங்கினேன். 80 மணிக் கல் நேற்று அளந்தபோது 182 மி.மீ.; சுவரில் உள்ள 16 மி.மீ. பிட்டின் கணக்கை அழித்துவிட்டு இரண்டரை டிகிரி என்று திருத்தி எழுத வேண்டும்.